இடது பக்கத்து மழை

இடது பக்கம் மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுது. வலது பக்கம் சும்மா தூறல்.

சிகாமணி படத்தை நிறுத்தினாரு. எந்திரிச்சுப் போயி ரெண்டு பக்கத்துச் சுவத்தையும் பாத்தாரு. ஸ்பீக்கர் பொட்டி ரெண்டும் மாட்டின எடத்துல மாட்டினபடியே இருக்கு. ஒயர் அறுந்து போகல. ஆணி தளந்து போகல.

வந்து உக்காந்து திரும்பப் போட்டாரு.

இப்ப இடது பக்கம் மழைகூட இல்லைங்க. அருவி.

பட்டுன்னு நிறுத்திட்டாரு.

ஏன்னா அது சும்மா ஒரு படம் இல்ல. பாதிப் படம்.

மொதப் பாதியை அவரும் அவரு அக்கா தனபாக்கியமும் சேந்து இதே ரூம்ல உக்காந்து பாத்தாங்க. 'இடைவேளை'ன்னு திரையில எழுத்து விழுந்ததும் அக்கா எந்திரிச்சா. "கண்ணு, தல ஒரு மாதிரி சுத்துதுடா"ன்னா. படத்தை அப்பிடியே நிறுத்திட்டு, ஆட்டோவைப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

சிகாமணி மட்டும் திரும்பி வந்தாரு.

காரியம் முடிஞ்சுது. வந்திருந்த சனம் பூராவும் அவங்கவங்க ஊருக்குப் போயாச்சு. ஒருத்தரு தோள்லயும் சாஞ்சு அவரு அழுவல. "கல்லு மாதிரி நிக்கறான் பாரு"ன்னு பெரியம்மா மக காதுபடவே சொல்லிட்டுப் போச்சு.

அவரு மனசுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடிட்டு இருந்துச்சு. அக்கா பாக்காம விட்ட மிச்சப் பாதியை அவளுக்காக ஒரு தடவை பாத்து முடிச்சிரணும். அவ பக்கத்துல இருந்தப்ப எப்பிடிக் கேட்டுச்சோ, அதே சத்தத்துல. துளி கூடாம, துளி குறையாம.

போட்டா, சத்தம் மாறிக் கெடக்கு.

*

சிகாமணி ஃபோன் போட்டது அவரோட குருவுக்கு.

குருன்னதும் தாடியெல்லாம் நெனச்சுக்காதீங்க. குருவுக்கு வயசு முப்பதுகூட ஆகல. பேரு இவாஞ்சலின். ஸ்டுடியோவுல சத்தம் கலக்கற வேலை. கோயமுத்தூர்ல ஹோம் தியேட்டர் கிறுக்குப் புடிச்ச ஆளுக அத்தனை பேரும் ஒரு வாட்ஸப் குரூப்ல இருக்காங்க. அங்க இந்தப் புள்ளைக்கு 'மாஸ்டர்'னு பேரு. எந்தப் பொட்டியை எங்க வெக்கணும்னு மாஸ்டர் சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சில்ல.

சிஷ்யனுக்கு அம்பத்தாறு. கணபதி ஏரியாவுல மோட்டார் காயில் கட்டற பட்டறை. ஓடற மோட்டாரை வாசல்ல நின்னு கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிருவாரு. அப்பிடி ஒரு காது. "உனக்கு எதுக்கய்யா மாஸ்டர், நீயே ஒரு மைக்கு"ன்னு குரூப்ல கலாய்ப்பாங்க.

மாஸ்டர்கிட்ட ஒரு பழக்கம். ஒரு வரிக்கு மேல பேச மாட்டாங்க. சில நாளைக்கு அந்த ஒரு வரியும் வராது.

"மாஸ்டர், இடது சரவுண்ட் பொட்டி கத்துதுங்க."

"திரும்பி உக்காருங்கண்ணா."

"எந்தப் பக்கமுங்க?"

"திரைக்கு முதுகைக் காட்டி."

வெச்சுட்டாங்க.

சிகாமணி சோபாவைத் திருப்பிப் போட்டு, பின்னாடி சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தாரு. படம் முதுகுக்குப் பின்னாடி ஓடுது.

எதிர்வீட்டு ஜமால் பாய் டிஃபன் கேரியரோட வந்தாரு. அக்கா போனதுல இருந்து அவங்க வீட்டுல இருந்துதான் சாப்பாடு வருது. கதவுகிட்டயே நின்னுட்டாரு.

"ஏப்பா சிகாமணி."

"ம்."

"செவுத்துல என்ன படம் ஓடுது? ஹீரோ யாரு?"

"பாய், கொஞ்சம் சும்மா இரு."

"இல்லப்பா, பாத்தா சொல்லு. நானும் உக்காந்துக்கறேன்."

சிகாமணி காதைக் கூர்மையாக்கினாரு. இப்ப மழை வலது காதுல கத்துது.

ஃபோன்.

"வலது காதுல கத்துதுங்க மாஸ்டர்."

"அப்ப உங்க காது நல்லாருக்கு."

"அதெனக்குத் தெரியாதுங்களா? பொட்டிதான் போச்சு."

"பொட்டி ரெண்டையும் மாத்தி மாட்டுங்க."

மாட்டினாரு. இடது பொட்டி வலது பக்கம், வலது பொட்டி இடது பக்கம். குனிஞ்சு நிமிந்து, பனியன் நனைஞ்சு, விரலை ஒருக்கா ஸ்க்ரூ டிரைவர்ல கிழிச்சுக்கிட்டு.

இடது பக்கந்தான் கத்துச்சு.

ஃபோன்.

"அப்ப பொட்டியும் நல்லாருக்குண்ணா"னாங்க மாஸ்டர்.

"பொறவு என்னதானுங்க கெட்டுப்போச்சு?"

மாஸ்டர் இப்ப ஒரு கேள்வி கேட்டாங்க.

"ரூம்ல என்ன மாறிருக்கு?"

சிகாமணி ரூமை ஒரு சுத்து பாத்தாரு. திரை, பொட்டிக, சோபா, தரை விரிப்பு, அலமாரி.

"ஒண்ணுமே மாறலீங்க."

பொய் சொல்லல. அவரு கண்ணுக்கு அப்பிடித்தான் தெரிஞ்சுது.

"ஞாயித்துக்கெழமை வர்றேன்"னாங்க மாஸ்டர்.

*

ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சு நேரா வந்தாங்க. ஸ்கூட்டரு முன்னாடி மைக் ஸ்டாண்டு.

அக்கா போனதைப் பத்தி மாஸ்டர் ஒண்ணும் விசாரிக்கல. ஹால்ல மாலை போட்ட ஃபோட்டோ முன்னாடி நின்னாங்க. ஒரு நிமிஷம். ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு, கண்ணை மூடி. அவ்வளவுதான்.

ரூமுக்குள்ள வந்ததும் ஒரு தடவை கையைத் தட்டினாங்க. அந்தச் சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பறதைக் கேட்டாங்க. போயி சோபாவுல, சிகாமணி உக்கார்ற எடத்துல உக்காந்தாங்க.

டெஸ்ட் சத்தம் ஓடுச்சு. ஷ்ஷ்ஷ்னு ஒவ்வொரு பொட்டியிலயும் ஒவ்வொரு தடவை. முன்னாடி இடது, நடு, முன்னாடி வலது, பக்கத்துல வலது, பக்கத்துல இடது.

கடைசிச் சத்தம் வந்தப்ப மாஸ்டர் முகம் சுளிச்சுது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" சிகாமணிக்கு அதுலயே பாதி உசுரு வந்துருச்சு. "நாஞ்சொன்னா ஆரு நம்பறா? ஜமாலு பாயி எனக்குக் கிறுக்குங்கறான்."

மாஸ்டர் இடது பக்கம் திரும்பிப் பாத்தாங்க. சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பிரம்பு நாற்காலி. சந்துல சொருகி வெச்ச மாதிரி. அதுக்கு நேர் மேல, ஒரு முழம் தள்ளிப் பொட்டி.

"இது?"

"அது அக்காளோடதுங்க."

"நான் செட் பண்ணறப்ப இல்லையே."

"பொறவு கொண்டாந்து போட்டுக்கிட்டா. மொதல்ல சினிமாவே வேண்டாம்னா. கதவுகிட்ட நின்னு பாப்பா. அப்பறம் தரையில உக்காந்தா. முட்டி வலிக்குதுன்னு ஒரு நா இதை இழுத்துட்டு வந்துட்டா. சோபாவுல வாக்கான்னா, 'அது உன்ற எடம்'ங்கறா."

மாஸ்டர் எந்திரிச்சுப் போயி, நாற்காலியில யாராவது உக்காந்தா காது எந்த மட்டத்துல வரும்னு கையை வெச்சுப் பாத்தாங்க. கை பொட்டிக்கு நேரா நின்னுச்சு.

"பொட்டி காது மட்டத்துல இருக்கு."

"நீங்கதான மாஸ்டர் சொன்னீங்க, காது மட்டத்துல மாட்டுங்கன்னு?"

"மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டேன்."

"என்னங்க கேட்டீங்க?"

"எத்தனை பேரு உக்காந்து பாப்பீங்கன்னு."

சிகாமணிக்கு அந்த நாள் ஞாபகம் வந்துச்சு. இதே எடம். மாஸ்டர் கையில அளவு டேப்பு. அக்கா அடுப்படியில இவங்க ரெண்டு பேருக்கும் காப்பி ஆத்திட்டு இருந்தா. ஆத்தற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

"ஒரே ஒருத்தருன்னு சொன்னீங்க"னாங்க மாஸ்டர்.

சிகாமணி பிரம்பு நாற்காலியோட கையைத் தடவிப் பாத்தாரு.

*

"அக்கா நல்லா படம் பாப்பாங்களா?"

"எங்கீங்க பாத்தா?" சிகாமணி சிரிச்சாரு. அக்காளைப் பத்திப் பேசினா சிரிப்பு தானா வந்துருது. "நெம்பப் பேசுவா. அவன் என்னடா சொன்னான், இவ எதுக்கு ஓடறா, அந்த மீசைக்காரன் செத்துட்டானா உசுரோட இருக்கானா. வில்லன் ரகசியம் பேசற எடத்துலதான் என்ற முழங்கையைப் புடிச்சு இழுப்பா. ஒரு வசனம் உருப்படியாக் கேட்டதில்லீங்க நானு."

"ம்."

"அன்னிக்கும் அப்பிடித்தான். மொதப் பாதி பூராவும் நொய் நொய்னு."

சிரிப்பு நின்னுருச்சு.

"அன்னிக்குக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டனுங்க."

மாஸ்டர் என்னன்னு கேக்கல. கேக்காம இருந்ததால அவரே சொன்னாரு.

"'வாயை மூடிட்டுப் பாக்கறதுன்னா பாரு, இல்லைன்னா எந்திரிச்சுப் போ'ன்னு."

"எந்திரிச்சுப் போயிட்டாங்களா?"

"இல்லீங்க."

தரை விரிப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"இடைவேளை வரைக்கும் வாயே தொறக்கல."

வெளிய யாரோ பழைய பேப்பருக்குக் கூவிட்டுப் போனாங்க.

"அதனாலதானுங்க மாஸ்டர். மிச்சப் பாதியையாவது ஒழுங்கா, ஒரு கொறையுமில்லாமப் பாத்து முடிச்சிரணும். அவளுக்குன்னு நான் வேற என்ன பண்ணப் போறேன் சொல்லுங்க. இந்த இடது பக்கத்தை மட்டும் பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க. போதும்."

*

ஜமால் பாய் மத்தியானச் சாப்பாட்டோட வந்தாரு.

"வாம்மா டாக்டரு. பேஷண்ட் பொழைப்பாரா?"

"நீங்க இதுல உக்காருங்க பாய்"னாங்க மாஸ்டர். பிரம்பு நாற்காலியைக் காட்டி.

"இதுலயா?" பாய் சிகாமணியைப் பாத்தாரு. சிகாமணி வேற பக்கம் பாத்துக்கிட்டாரு.

பாய் கேரியரை மடியில வெச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாரு. பிரம்பு கிறீச்சுன்னுச்சு.

மாஸ்டர் சிகாமணியை சோபாவுல உக்கார வெச்சு, மழையைப் போட்டாங்க.

சிகாமணி நிமிந்தாரு.

அருவி போயிருச்சு. இடது பக்கம் மழை. வலது பக்கமும் மழை. நடுவுல அவரு.

"இதான்!" கத்திட்டாரு. "மாஸ்டர், இதானுங்க! இப்பிடித்தான் கேக்கும்! என்ன பண்ணுனீங்க?"

"எந்திரிங்க பாய்."

பாய் எந்திரிச்சாரு. அருவி.

"உக்காருங்க."

மழை.

"எந்திரிங்க."

"என்னம்மா இது, தோப்புக்கரணமா?" பாய் முட்டியைப் புடிச்சுக்கிட்டாரு. "வயசானவனைப் போட்டு இந்தப் பாடு படுத்தற."

"இன்னும் ஒரே தடவை. உக்காருங்க."

மழை.

சிகாமணி பாயோட தலையைப் பாத்தாரு. அந்தத் தலைக்குப் பின்னால சரியா மறைஞ்சு நிக்கற பொட்டியைப் பாத்தாரு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"தலைங்களா?"

மாஸ்டர் தலையாட்டினாங்க.

"அக்கா தலை மறைச்சிட்டு இருந்துச்சுங்களா?"

"ம்."

"அப்ப சத்தம் கூடல. அவ இல்லாததுதான்..."

முடிக்கல.

பாய்தான் ரூம்ல கனம் தாங்காமப் பேசினாரு. "என் மொட்டைத் தலையே இவ்வளவு மறைக்குதுன்னா, உங்கக்கா கொண்டை என்னா மறைச்சிருக்கும்! தேங்காய் மாதிரி இல்ல முடிஞ்சு வெக்கும்."

சிகாமணி சிரிச்சாரு. கண்ணு ரெண்டும் ஒழுகுது, சிரிக்கறாரு. போன சனமெல்லாம் பாக்கணும்னு நின்ன அழுகை, இப்ப கேரியரும் கையுமா ஜமால் பாய் முன்னாடி வந்துச்சு.

"அப்ப ஒண்ணு பண்ணறனுங்க மாஸ்டர். தலவாணி ரெண்டு அடுக்கி, மேல ஹெல்மெட்டை வெச்சு..."

"அண்ணா."

"...இல்லைன்னா நம்ம பாயி தெனமும்..."

"அண்ணா. அதுல ஒரு கணக்கு இடிக்குது."

"என்னங்க?"

"நான் செட் பண்ணறப்ப குறுக்க எந்தத் தலையும் இல்ல. அப்பவே ரெண்டு பக்கமும் சமமாத்தான் கேட்டுச்சு."

*

மாஸ்டர் ரிமோட்டைக் கேட்டு வாங்கினாங்க. கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

கீழ் வரிசையில சின்னதா ஒரு பட்டன். அது ஓரத்துல கறுப்பா, மிளகு கணக்கா ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"இது என்னண்ணா?"

"அக்கா பொட்டுங்க. மூஞ்சி கழுவறப்ப எடுத்துக் கையில கெடைக்கற எடத்துல ஒட்டிருவா. குளியலறைக் கண்ணாடி, ஃபிரிட்ஜு, கதவு நெலை. வீடு பூரா இருக்கும். இன்னும் நான் எதையும் எடுக்கல."

"இந்த பட்டன் எதுக்குன்னு தெரியுங்களா?"

"நானு அதைத் தொட்டதே இல்லீங்க. நீங்க செட் பண்ணினதை நான் எதுக்கு நோண்டறேன்?"

மாஸ்டர் அந்த பட்டனை அமுக்கினாங்க.

திரையில ஒரு பட்டியல் வந்துச்சு. ஒவ்வொரு பொட்டிக்கும் எவ்வளவு சத்தம்னு. எல்லாத்துக்கும் நேரா பூஜ்யம். மாஸ்டர் அன்னிக்கு வெச்சுட்டுப் போன பூஜ்யம்.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் ஒம்போது.

இடது சரவுண்ட்.

"இதை யாரு ஏத்தினது?"

"நானில்லீங்க."

"வேற யாரு ரிமோட்டைத் தொடுவாங்க?"

"வேற ஆரு இருக்கா? அக்காளும் நானுந்தான். அவளுக்கு எதுக்குங்க இது? ஆன் பண்ணவே என்னையத்தான் கூப்புடுவா."

சொல்லிட்டே இருந்தவரு, பொட்டைப் பாத்தாரு.

தேடாமக் கை போற மாதிரி, சரியா அந்தப் பட்டனுக்குப் பக்கத்துல ஒட்டியிருந்துச்சு. நேரா.

"வம்புக்கு ஏத்திருப்பாளா? எம்மேல கோவத்துல?"

மாஸ்டர் நாற்காலிகிட்ட வந்தாங்க. "பாய், நீங்க எந்திரிச்சுக்கங்க"னாங்க. சிகாமணியைப் பாத்து, "நீங்க இதுல உக்காருங்க."

"நானா?"

பிரம்பு நாற்காலியில சிகாமணி உக்காந்ததே இல்ல. அது அக்கா உக்கார்றது. அவளும் இவரோட சோபாவுல உக்காந்ததில்ல. 

உக்காந்தாரு. இங்கிருந்து பாத்தா திரை கோணலாத் தெரிஞ்சுது. இத்தனை நாளும் அக்கா படத்தை இப்பிடிச் சாய்ச்சுதான் பாத்திருக்கா.

மழையைப் போட்டாங்க.

சிகாமணி தூக்கிவாரிப் போட்டு ஒதுங்கினாரு. பொட்டி காதுகிட்ட. மண்டைக்குள்ள தகரத்துல கல்லு கொட்டற மாதிரி. வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியல.

"மாஸ்டர், கொறைங்க! இதுல எப்பிடிங்க ஒரு மனுசி உக்காந்து..."

மாஸ்டர் குறைக்கல. அவரு முதுகுக்குப் பின்னால வந்து நின்னாங்க. குனிஞ்சு, தன்னோட உள்ளங்கையை அவரு இடது காதுல வெச்சு அழுத்தி மூடினாங்க.

மழை பெஞ்சுது.

இடது பக்கம் மழை. வலது பக்கம் மழை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு சொட்டு அங்க கூட இல்ல, ஒரு சொட்டு இங்க குறைவில்ல. அத்தனை வருஷம் சோபாவுல உக்காந்து அவரு கேட்டதுகூட இவ்வளவு சுத்தமா இல்ல.

மாஸ்டர் கையை எடுத்தாங்க. அருவி.

மூடினாங்க. மழை.

எடுத்தாங்க.

மூடினாங்க.

மூணாவது தடவை எடுக்கப் போனப்ப சிகாமணி அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டாரு. புடிச்சபடியே உக்காந்திருந்தாரு. வாசல்ல நின்னே பேரிங் எதுன்னு சொல்ற ஆளு.

ரொம்ப நேரம் கழிச்சு, மாஸ்டரோட கையை விட்டுட்டு, சிகாமணி தன் உள்ளங்கையை எடுத்துத் தன் காதுல வெச்சுக்கிட்டாரு.

"அக்காளுக்கு இந்தக் காதுங்களா?"

"ம்."

"எப்ப இருந்துங்க?"

"தெரியலண்ணா. ஒரே நாள்ல ஒம்போது ஏத்தியிருக்க மாட்டாங்க."

ஒண்ணு. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணு. இவரு தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போற நேரமாப் பாத்து. பொட்டைத் தடவிப் பட்டனைக் கண்டுபுடிச்சு. ஏத்தின சத்தம் தம்பி காதுக்குப் போயிச் சேராம, அவ தலையே குறுக்க நின்னிருக்கு.

ஜமால் பாய் கேரியரை ஓசையில்லாமக் கீழ வெச்சாரு. தலையில இருந்த குல்லாவைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய போயிட்டாரு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாஸ்டர்." சிகாமணி திரையைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. "டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டியிருப்பனுங்களே. காதுக்கு ஒரு மிஷினு வாங்கி மாட்டியிருப்பனே. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாமில்லீங்க?"

மாஸ்டர் மைக் ஸ்டாண்டை மடக்கிட்டு இருந்தாங்க. மடக்கறதை நிறுத்தினாங்க.

"படம் பூராவும் சொல்லிட்டேதான இருந்திருக்காங்க."

'அவன் என்னடா சொன்னான்'னு சிகாமணி தனக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்தாரு.

மழை பெஞ்சு ஓஞ்சு, திரையில யாரோ யாருக்கோ குடை புடிச்சுக்கிட்டு நடந்து போனாங்க. என்ன பேசிக்கிட்டாங்கன்னு, ஒரு காதை மூடிட்டு அந்தக் கோணல் நாற்காலியில உக்காந்திருந்தவருக்குச் சரியாப் புடிபடல.

மாஸ்டர் படத்தை நிறுத்தினாங்க. இடைவேளைக்குக் கொண்டு வந்து வெச்சாங்க. பட்டியலைத் திறந்து, அந்த ஒம்போது மேல நிறுத்தினாங்க.

"இதைப் பூஜ்யத்துக்குக் கொண்டாந்துட்டா உங்க சோபாவுல எல்லாம் சரியாயிரும். மிச்சப் பாதியை நல்லபடியாப் பாக்கலாம். குறைச்சிரட்டுங்களா?"

சிகாமணி காதுல வெச்ச கையை எடுக்கல. நாற்காலியை விட்டும் எந்திரிக்கல.

"வேண்டாங்க. அப்பிடியே இருக்கட்டும்."

"படம்?"

"மொதல்ல இருந்து போடுங்க மாஸ்டர்."